பிரெஞ்சுப் புத்தகத்துக்குப் பூக்கட்டியது

இப்போதெல்லாம் மனிதர்கள் ஒரு கேள்வி கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகுதான், மனம் வந்தால், பதில் சொல்கிறார்கள். பஸ் கொண்டக்டர் சிரிக்கிறான். டிஸ்பென்சரியில் மருந்து கட்டுகிறவன் சிரிக்கிறான். முந்திய காலத்தில் தோட்டத்துத் துரைமார் ஏசினார்கள், அடித்தும் இருக்கிறார்கள். ஆனால் ஏசுகிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது. சிரிக்கிறவன் மனசில் இருப்பதை எந்தக் கத்தியால் கீறிப் பார்ப்பது?

அழகர் இதை நினைத்துக்கொண்டுதான் பதுளையில் ஜௌபர் முதலாளியின் புத்தகக் கடைப் படியில் ஏறினார். பின்னால் மகள் அங்கம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். கடைக்கு ஒரு பக்கம் எண்பத்து மூன்றில் எரிந்த கட்டடம் இன்னும் கூரையில்லாமல் நின்றது. அதற்குள் முளைத்திருந்த ஆமணக்குச் செடி ஆள் உயரம் வந்துவிட்டது.

"வாங்க கங்காணி. மழைக்கு முந்தி வந்திட்டீங்க" என்றார் ஜௌபர்.

"நான் கங்காணி இல்ல. தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவன். எத்தன தரம் சொல்றது?"

ஜௌபர் சிரித்தார். அழகர் கண்ணாடி அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனீரா டீச்சர் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் தங்க வருகிற எல்ல ஊரில் ஹோட்டல் வேலைக்குப் போகிற பொடியன்கள் சிலர் வந்தார்கள். புருசன்மார் பிரான்சுக்குப் போய்விட்ட பெண்கள் இரண்டொருவரும் வந்தார்கள். அங்கம்மாவின் புருசன் சிவஞானம் கலவரத்துக்கு அடுத்த வருசம் போனவன். பாரிசில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். தை மாதத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொள்ள எல்லாம் சரியாகிவிட்டதாம். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பிராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவள், பத்தாம் வகுப்போடு நின்றவள், இனி பிரெஞ்சு படிக்க வேண்டும்.

டீச்சர் இரண்டு புத்தகங்களை மேசையில் வைத்தார். ஒன்று மெல்லிசு. பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம்: தொப்பிக்காரன் ஒருவன் ரொட்டி வாங்குகிறான், ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு பாதை கேட்கிறாள். அதோடு பெட்டியில் கசெட்டுகள். மற்றது செங்கல் தடிப்பு. படமே இல்லை. இங்கிலீசில் விளக்கம், பிரெஞ்சில் வசனம், அடியில் பயிற்சி.

"மூணு மாசத்தில ரெண்டும் படிக்க ஏலாது" என்றார் டீச்சர். சுற்றி வளைக்காத பேச்சு. "இந்தப் படப் புத்தகத்தில படிச்சா அங்க எறங்கின நாளே வாய் தொறப்பா. ஆனா ஒரு கடுதாசி வந்தா வாசிக்க மாட்டா. தடிப் புத்தகத்தில படிச்சா வாசிப்பா, எழுதுவா. ஆனா யாராச்சும் வேகமாக் கதைச்சா முழிச்சிட்டு நிப்பா. எது வேணும் என்டு நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டையும் கலந்து சொல்லிக் குடுத்தா என்னா?"

"கலந்தா ரெண்டும் வராது, பெரியவர். ஊட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்க. வாற ஞாயிறு ஒன்டத் திருப்பித் தாங்க."

அழகர் இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தார். கொழுந்து மடுவத்தில் கூடையைத் தூக்கிப் பார்த்தே நிறை சொல்லுகிறவர்கள் அப்படித்தான் ஏந்துவார்கள். தடிப் புத்தகம் இருந்த கை தாழ்ந்தது.

"இதுல விசயம் இருக்கு" என்றார்.

அங்கம்மா படப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை நமுனுகுல மலையை மறைத்துவிட்டால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு காட்சி கிடையாது. எதிர் லயத்துத் தகரமும் அதிலிருந்து வடிகிற தண்ணீரும்தான். அழகரின் வீடு தொங்கல் காம்பிரா. கடைசி வீடு என்பதால் காற்று இரண்டு பக்கமும் அடிக்கும். பெரியாயி அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஈர விறகு புகைந்து, சம்பலுக்கு இடித்த மிளகாயின் காரத்தோடு சேர்ந்து, வீட்டில் இருந்த எல்லாரும் அழுதவர்கள் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் பொன்னையா வந்தான். சிவஞானத்தின் அண்ணன், அடுத்த டிவிசனில் கணக்கப்பிள்ளை. முழங்கால் வரை சப்பாத்து, தலையில் ரப்பர் தொப்பி, கக்கத்தில் பொலித்தீனில் சுற்றிய கசெட் பெட்டி.

"தம்பி பேசி அனுப்பியிருக்கான், மாமா. எல்லாரும் கேக்கணுமாம்."

"கேப்போம். காதுக்கு என்னா கேடு" என்றார் அழகர். உட்காரச் சொல்லவில்லை. பெரியாயிதான் பலகையைத் துடைத்துப் போட்டாள்.

பெட்டியை அழுத்தியதும் சிவஞானத்தின் குரல் வந்தது. ஜலதோசம் பிடித்த குரல். மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம் சொன்னான். குளிரைப் பற்றிச் சொன்னான். பிறகு, "அங்கம்மா, டீச்சர்கிட்ட கசெட்டு உள்ள புத்தகத்தக் கேளு. அதான் லேசு. எழுத்தெல்லாம் ஒனக்கு எதுக்கு. பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ கடைக்குப் போகத் தெரிஞ்சா போதும்" என்றான்.

"என்னா பேப்பர்?" என்று அழகர் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

பெட்டி குளிரைப் பற்றித் திரும்பவும் ஆரம்பித்தது.

"ஒன்னத்தான் கேக்கிறேன். என்னா பேப்பர நீ பாத்துக்கிறே?"

"மாமா, அது கசெட்டு" என்றான் பொன்னையா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தெரியுது. அதத்தான் சொல்ல வர்றேன். நம்ம கேக்கிறத அது கேக்காது. அது சொல்றத நம்ம சொல்லணும். நாப்பது வருசம் நான் அப்புடித்தான் படிச்சேன். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல துரை ஒண்ணு சொல்லுவான், நாங்க எல்லாம் 'யெஸ் சார்'ன்னு சொல்லுவோம். என்னா சொன்னான்னு லயத்துக்கு வந்துதான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவோம். அந்தப் படிப்ப எம்மக பாரிசுக்குப் போயி வேற படிக்கணுமா?"

"காலம் மாறிப்போச்சு மாமா. இப்ப எல்லாரும் கேட்டுத்தான் படிக்கிறாங்க."

"ஒங்க தம்பி பேப்பர் பாக்கிறவரு. எம்மக ரொட்டி வாங்குறவ. நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்க."

பொன்னையாவின் முகம் கறுத்தது. "எந்தம்பிய நம்பித்தானே பொண்ணக் குடுத்தீங்க?"

"குடுத்தப்ப அவன் இங்கன இருந்தான். அவன் எங்க போறான் வாறான்னு எனக்குத் தெரிஞ்சிச்சு."

"ஏங்க, ரொட்டி ஆறுது" என்றாள் பெரியாயி.

"ஆறட்டும்டி. எந்தம்பி பழனியாண்டி சங்கதி இவருக்குத் தெரியாதுல்ல. தெரியட்டும்."

பழனியாண்டியின் கதை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பொன்னையாவுக்கும் தெரியும். ஆனாலும் அழகர் சொன்னார். இந்த நாட்டுக் குடியுரிமையான பிரசா உரிமைக்கு மனுப் போடுகிற காலத்தில், டவுனில் ஒரு எழுத்துக்காரன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அழகரின் தம்பி, "அய்யா, எனக்கு இங்கனயே இருக்கணும்" என்று வாயால் தெளிவாகத்தான் சொன்னான். எழுத்துக்காரன், "ஆமா ஆமா, இங்கேயேதான்" என்று சிரித்துக்கொண்டே பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினான். அந்தக் காகிதம் இந்தியாவுக்குப் போகிற காகிதம். தம்பி குடும்பத்தோடு பதுளை ஸ்டேசனில் ரயில் ஏறினான். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினான். இப்போது கொடைக்கானல் பக்கத்தில் எங்கோ விறகு வெட்டுகிறானாம்.

"அவன் வாயி நல்ல வாயி" என்றார் அழகர். "மாசி மாசம் காமன்கூத்துக்கு அவன்தான் பாடுவான். அந்த வாயி அவனுக்கு என்னாத்துக்கு ஒதவிச்சு? வாசிக்கத் தெரிஞ்சவ கையில எவனும் மையத் தடவ மாட்டான். அந்தத் தடிப் புத்தகந்தான் இந்த வீட்டுல இருக்கும்."

"படிக்கப் போறது அங்கம்மா. அவளக் கேட்டீங்களா?"

"அவகிட்ட என்னா கேக்கிறது?"

அங்கம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சு முற்றிக்கொண்டே போனது. பொன்னையா எழுந்து தொப்பியைப் போட்டான். சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெரியாயிக்குப் பயம். அவள்தான் கடைசியில், "ரெண்டு பேரும் அடிச்சுக்க வேணாம். ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாப்போம்" என்றாள். கலியாணத்துக்கும் பூக்கட்டித்தான் பார்த்தார்கள். மாட்டை விற்பதா வேண்டாமா என்றும் பூக்கட்டித்தான் பார்த்தார்கள். அதை எதிர்த்துப் பேச பொன்னையாவுக்கு வாய் இல்லை. தடிப் புத்தகத்துக்கு வெள்ளைப் பூ, படப் புத்தகத்துக்குச் சிவப்பு என்று முடிவாயிற்று.

"பூவ நான்தான் கட்டுவேன்" என்றார் அழகர்.

"பூசாரி கட்டுறதுதானே வழக்கம்?"

"பூசாரி ஒங்ககிட்ட நாள் சம்பளத்துக்குப் பேர் போடச் சொல்லிக் கெஞ்சுற ஆளு. அவரு மகளுக்கு ஒங்க டிவிசன்லதான் வேல. நான் கட்டுறேன்."

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. கோயில் என்றால் பெரிய கோயில் இல்லை. தேயிலை மலைக்கு நடுவில் ஒரு அரசமரம், நாலு தூண், மேலே தகரம். அம்மனுக்குப் புதுச் சேலை கட்டியிருந்தது. கொழுந்துக்குப் போய்த் திரும்பிய பெண்கள் சிலர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மழைக்குத் தலையில் போட்ட சாக்குப் படங்கோடு வேடிக்கை பார்க்க நின்றார்கள். பிரெஞ்சுப் புத்தகத்துக்குப் பூக்கட்டுகிறார்கள் என்று மலை முழுக்கப் பரவியிருந்தது.

"ஆத்தாவுக்கு பிரெஞ்சு தெரியுமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சிங்களம் தெரிஞ்சுதான் ஒனக்குச் சிங்களவன புருசனா தந்தாளா" என்றாள் இன்னொருத்தி. முந்தானைக்குள் சிரித்தார்கள். அழகர் முறைத்ததும் அடங்கினார்கள்.

அவர் விடிகாலையிலேயே தனியாகப் போய்ப் பூப் பறித்து வந்திருந்தார். வாழையிலைத் துண்டில் வைத்து, நாரால் இறுக்கிக் கட்டிய இரண்டு பொட்டலம். கவ்வாத்து வெட்டிய கை; கட்டு சின்னதாக, ஒன்றைப் போல ஒன்று இருந்தது. பூசாரி இரண்டையும் வாங்கி அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். சூடம் காட்டினார். பெரியாயியை எடுக்கச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

பொன்னையா பூவை வாங்கிப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக் கும்பிட்டான். "ஆத்தா சொன்னா சரி. நான் தம்பிக்குப் பேசி அனுப்பிடுறேன்" என்றான். மனசு வராவிட்டாலும் சொன்னான்.

பிரிக்காத பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிடுவது வழக்கம். யாரும் பிரிக்க மாட்டார்கள். பூசாரிதான் அதைக் கொண்டு போய்ப் போடுவார். ஆனால் பூசாரி குனிவதற்கு முன்னால் அழகர் குனிந்தார். இடுப்பு வலி என்று ஒரு மாதமாகத் தண்ணீர்க் குடத்தைத் தொடாத மனிதர், அத்தனை வேகமாகக் குனிந்ததை அங்கம்மா பார்த்தாள்.

"அப்பா, குடுங்க. நான் போடுறேன்."

"விடு. நானே போடுறேன்."

"குடுங்கப்பா."

அவர் கை இறுகியது. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்தாள். பிள்ளைக் காம்பிராவில் மண்ணைப் பிடித்திருக்கும் குழந்தைகளின் கையை அவள் விரிப்பது அப்படித்தான். நாரை அறுத்துப் பிரித்தாள்.

அதற்குள்ளும் நந்தியாவட்டை. வெள்ளை.

பெரியாயி வாயில் சேலையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"ஆத்தாவையே ஏமாத்தப் பாத்தீரா?" என்றார் பூசாரி.

"ஆத்தாவ நான் எதுக்கு ஏமாத்தணும்" என்றார் அழகர். குரல் கொஞ்சம்கூடத் தாழவில்லை. "எது சரின்னு அவளுக்குத் தெரியும். எடுக்கிற கையிலதான் எனக்கு நம்பிக்க இல்ல. தெரிஞ்ச விசயத்தக் கை தப்பிப் போக விடக் கூடாதுன்னு ரெண்டையும் வெள்ளையா வச்சேன்."

"இதுக்கு மேல என்னா பேசுறது" என்றான் பொன்னையா. "எந்தம்பி பேப்பர்ல ஏமாத்துவான்னாரு. சாமி சன்னதியில ஏமாத்துனது யாரு?"

"ஒங்க தம்பியும் ஒருக்கா இப்புடிப் பிடிபடட்டும். பொறகு பேசுவோம்."

"அப்பா, போதும்" என்றாள் அங்கம்மா. இரண்டு பொட்டலத்துப் பூவையும் சேர்த்து அம்மன் காலில் போட்டாள். "நான் படப் புத்தகந்தான் எடுக்கப் போறேன். மச்சான் சொன்னதுக்காக இல்ல. கசெட்டு சொன்னதுக்காகவும் இல்ல."

பொன்னையா ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்களும் சும்மா இருங்க மச்சான்" என்றாள்.

லயத்துக்கு இறங்குகிற பாதை ஒற்றையடி. கவ்வாத்து வெட்டிய தேயிலை இரண்டு பக்கமும் எலும்பெலும்பாக நின்றது. அழகர் முன்னால் நடந்தார். அங்கம்மா பின்னால் வந்தாள். பெரியாயி பேச்சில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே பின்தங்கிவிட்டாள்.

"அந்த பஸ்ஸ மறந்துட்டீங்களா?" என்று அங்கம்மா கேட்டாள்.

அவர் நடையைக் கூட்டினார்.

"கலவரத்து ஆடி மாசம். பண்டாரவளைக்குப் போய்ட்டு வர்ற வழி. ரோட்டுல மரத்தப் போட்டு மறிச்சானுங்க. ஒருத்தன் ஏறி ஒவ்வொரு சீட்டா வந்தான். கையில இரும்பு. நீங்க என்னா செஞ்சீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சட்டப் பைக்குள்ள கையப் போட்டீங்க. பிரசா உரிமைப் பேப்பர எடுக்க. கவர்மெண்டு சீல் இருக்கு, நான் இந்த நாட்டுக்காரன்னு காட்டப் போனீங்க. அதுல ஒங்க தமிழ்ப் பேரு இருந்திச்சு. எங்க அப்புச்சி பேரு இருந்திச்சு. நான் ஒங்க கையப் பிடிச்சு அமுக்குனேன்."

"ஆமா. நகம் பதிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு."

"அமுக்கிக்கிட்டே அவன்கிட்டச் சிங்களத்துல பேசுனேன். எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், எடத்த விடு தம்பின்னு. பிள்ளக் காம்பிராவுல வேல செஞ்ச சிங்களத்திகிட்ட கேட்டுக் கேட்டுப் பழகுன பேச்சு. சிங்களத்துல ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது எனக்கு. அவன் ஒங்களப் பாத்தான், என்னப் பாத்தான், பின்னால போனான். பின் சீட்டுல இருந்தவரு பேப்பரக் காட்டுனாரு. அவர எறக்குனானுங்க."

அழகர் நின்றார். கணுக்காலில் ஒட்டிய அட்டையைக் குனிந்து பிய்த்து எறிந்தார். திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"அது வேற, இது வேற. அது ஒரு நாள் கூத்து. பேப்பரு ஒரு ஆயுசுக்கு."

"அந்த ஒரு நாளுல போயிருந்தா ஆயுசு எங்கப்பா இருக்கு? நாளைக்கு அங்க அவரே எனக்குக் கெட்டவராப் போனாலும், நான் வீட்டுக்கு வெளிய வந்து நாலு பேருகிட்டச் சொல்லணும். எழுதிக் காட்டவா முடியும்? வாயி வந்தா எழுத்தப் பொறகு படிச்சுக்குவேன்."

"பொறகு, பொறகுன்னுதான் பழனியாண்டியும் சொன்னான்."

"நான் சித்தப்பா இல்ல."

"அவனும் நீ சொல்ற மாதிரிதான் நெனச்சிருந்தான்."

அதோடு பேச்சு நின்றது. அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சாப்பிடவில்லை. பெரியாயி வேளைக்கு இரண்டு முறை அடுப்பு மூட்டினாள். லயத்தில் எதிரே வருகிறவர்கள், "என்னா பெரியவரே, வெள்ளப் பூ கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அழகர் பதிலுக்கு அவர்கள் வீட்டுச் சங்கதி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மூன்றாம் ஆளுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரும் பஸ் ஏறினார். அங்கம்மா வர வேண்டாம் என்றாள். "புத்தகத்தத் திருப்பிக் குடுக்கணுமில்ல. கொண்டு போனவன் நான்தான் குடுக்கணும்" என்றார். தடிப் புத்தகத்தைத் தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வழியில் ஹாலிஎலயில் பெருமழை. ஜன்னல் இடுக்கால் தண்ணீர் தெறித்தபோது உடம்பைத் திருப்பி, முதுகை நனைய விட்டார்.

கடையில் அங்கம்மா நேரே மேல்மாடிக்கு ஏறிப் போனாள். அழகர் உறையை அவிழ்த்துப் புத்தகத்தை ஜௌபரின் மேசையில் வைத்தார்.

"இதத் திருப்பிட்டீங்களா கங்காணி? நல்ல புத்தகமே."

"எனக்குத் தெரியாதா? வேற யாருக்கும் வித்துராதீங்க."

"ஏன், மகளுக்கு வேணுமா?"

"வேணும். இப்ப அவளுக்குத் தெரியாது."

மேலே வகுப்பு தொடங்கிவிட்டது. கசெட்டில் ஒரு ஆள் மூக்கால் ஏதோ கேட்டான். நாலைந்து குரல் சேர்ந்து அதையே திருப்பிக் கேட்டது. மறுபடி கசெட். மறுபடி குரல்கள். அந்தக் குரல்களுக்குள் அங்கம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. மற்றவர்களை விடச் சத்தம், கொஞ்சமும் கூச்சமில்லை. கொழுந்து மலையில் அடுத்த மலைக்காரியைக் கூப்பிடுகிற குரல்.

அழகர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னா சொல்லுதுங்க?"

ஜௌபருக்கு வாரா வாரம் கேட்டுக் கேட்டு அது மனப்பாடம். அவர் சிரித்தார். பிறகுதான் சொன்னார்.

"ஸ்டேசன் எங்க இரிக்கி என்டு கேக்கிறாங்க."

"ஸ்டேசன் எங்க இருக்குன்னு எந்தம்பிக்கும் தெரிஞ்சிருந்திச்சு" என்றார் அழகர். "நேராப் போயித்தான் ஏறுனான். டிக்கட்டுல எந்த ஊரு போட்டிருக்குன்னு படிக்கத்தான் தெரியல."

ஜௌபர் இதற்குச் சிரிக்கவில்லை. "மழை விடட்டும், இருங்க. தேத்தண்ணி சொல்றேன். மகளக் கூட்டிட்டே போகலாமே" என்றார்.

"அவ வருவா. அவளுக்குத்தான் வாயி இருக்கே."

தலையணை உறையை நாலாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். மேலே அங்கம்மா ஸ்டேசன் எங்கே என்று மறுபடி கேட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே, எரிந்த கட்டடத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.